பெட்டி வரும் நேரம்: சினிமா வெளியீடும் படிநிலைக் காலமும்

2025 ஆகஸ்ட் 14. காலை ஏழரை மணி இருக்கும். கன்னிவாடி பஸ் நிறுத்தத்தில் நாலைந்து இளைஞர்கள் கொதித்துப்போய் நின்றிருந்தார்கள். ‘கூலி’ அன்றுதான் வெளியாகிறது. திண்டுக்கல்லில் ஒன்பது மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பஸ் வரும், போய்ச் சேர்ந்துவிடலாம். பிறகென்னப்பா கோபம் என்று கேட்டேன்.

“அண்ணே, அமெரிக்காக்காரன் நேத்தே பாத்துட்டான். கேரளாக்காரன் ஆறு மணிக்கே உக்காந்துட்டான், இந்நேரம் இன்டர்வெல் விட்டிருப்பான். படத்துல பேசுறது நம்ம பாஷை. நாம மட்டும் ஒம்போது மணி வரைக்கும் போனைத் தொடாம கண்ணைப் பொத்திக்கிட்டு நிக்கணுமாக்கும்?”

இதை ஓர் எழுத்தாள நண்பரிடம் சொன்னபோது ‘கொழுப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நூறுநாள் வேலைக்கான கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றபோது இவர்களில் எவனும் ரோட்டுக்கு வரவில்லை, ‘கூலி’ மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் மட்டும் பொறுக்க முடியவில்லையா என்று கேட்டார். நண்பர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சனங்களின் ஆசைகளில் எது ‘அரசியல்’, எது ‘கொழுப்பு’ என்று முன்கூட்டியே பிரித்துவைத்துவிட்டு, அப்புறம் விமர்சனத்தைத் தொடங்குவது நம் முற்போக்குச் சொல்லாடலின் பழைய கோளாறு. அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது? யார் யாரைப் பார்த்துப் ‘பொறு’ என்று சொல்கிறார்கள்? இதைக் கேட்காமல் பொறுமையைப் பற்றிப் பேசுவது காத்திருக்க வைப்பவனின் குரலில் பேசுவதாகத்தான் முடியும்.

*

சினிமா வணிகம் தமிழ்நாட்டைப் பங்கிட்டிருந்த வரைபடம் அரசாங்கத்தின் வரைபடமல்ல. சென்னை நகரம் ஒரு ஏரியா. செங்கல்பட்டும் இரண்டு ஆற்காடுகளும் சேர்ந்து ஒன்று. கோவை, சேலம் தனித்தனி. திருச்சி–தஞ்சாவூர் ஒன்று, மதுரை–ராமநாதபுரம் ஒன்று, திருநெல்வேலி–கன்னியாகுமரி ஒன்று. இவற்றுக்கு வெளியே, வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய ‘எப்.எம்.எஸ்.’ உரிமை. 1985 இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமான பிறகும் விநியோகஸ்தர் கணக்கில் நாம் ‘எம்.ஆர்.’ ஏரியாதான்.

ஏரியாவுக்குள்ளே இன்னொரு பிரிவினை இருந்தது: ‘ஏ’ சென்டர், ‘பி’ சென்டர், ‘சி’ சென்டர். மதுரை ஏ. திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு அடுத்த படி. மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் பாளையமாகவும் பிறகு ஜமீனாகவும் இருந்த கன்னிவாடி போன்ற ஊர்களும் அவற்றைச் சுற்றிய டூரிங் கொட்டகைகளும் சி. இந்த எழுத்துகள் வெறும் வசூல் கணக்குக் குறியீடுகள் என்று வியாபாரிகள் சொல்வார்கள். ஆனால் ‘இது சி சென்டர் ரசனை’ என்று ஒரு விமர்சகன் எழுதும்போது என்ன நடக்கிறது பாருங்கள். கொட்டகைக்குப் போட்ட மார்க் மனிதனுக்குப் போய்விடுகிறது.

ஒரு படத்துக்கு எத்தனை பிரதி போடுவது என்பது பச்சை பிலிமின் விலையையும் லேப் செலவையும் பொறுத்தது. போட்ட சில பத்துப் பிரதிகள் முதலில் பெரிய ஊர்களில் ஓடும். அங்கே கூட்டம் வற்றிய பிறகு பெட்டியில் அடுக்கி பஸ் மேலே ஏற்றி அடுத்த ஊர். அங்கிருந்து ‘ஷிப்டிங்’. கடைசியில் டூரிங் கொட்டகை. இந்தப் பயணம் மாதக்கணக்கில் நடக்கும், சில படங்களுக்கு வருடக்கணக்கில்.

படம் தாமதமாக வந்தது பாதிதான். குறைந்தும் வந்தது. நூற்றுக்கணக்கான தடவை புரொஜெக்டரில் ஓடி, கீறல் விழுந்து, ‘மழை பெய்த’ பிரதியே எங்களுக்கு வரும். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டி ஒட்டி வசனம் பாதியில் தாவும். ஒரு பாட்டே இருக்காது. திண்டுக்கல்லில் பார்த்தவர் இரண்டு பாட்டு என்பார், நாங்கள் பார்த்தது ஒன்று. நீண்ட நாள் காத்திருந்தவனுக்குக் குறைந்த படம். முதலில் பார்த்தவன் சாப்பிட்ட இலையில் அடுத்தவனுக்குப் பரிமாறுவது என்று சொன்னால் சிலருக்குக் கடுப்பாக இருக்கலாம். இந்த ஊர்களில் பந்தி எப்படி நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இருக்காது.

மானுடவியலாளர் யொஹான்னஸ் ஃபேபியன் 1983 இல் ‘காலமும் மற்றமையும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். ஐரோப்பிய மானுடவியல் தான் ஆய்வு செய்யும் சனங்களை எப்போதும் வேறொரு காலத்தில் கொண்டுபோய் வைக்கிறது, நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் மனிதனையே ‘ஆதி காலத்தவன்’ ஆக்கிவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ‘சமகாலத்தன்மை மறுக்கப்படுதல்’ என்று அதைச் சொல்லலாம். நமக்கு இது புதிதல்ல. ‘நீ இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கியா’ என்று டவுனிலிருந்து வந்த மச்சான் கேட்பதில் இதுதான் இருக்கிறது. சென்னையில் எடுத்துவிட்ட படத்தின் பாட்டுக்கு இங்கே இப்போதுதான் விசில் அடிக்கிறார்கள் என்றால், நீங்கள் இருக்கும் இடம் மட்டுமல்ல, இருக்கும் காலமும் பின்தங்கியது என்று ஆகிறது. வெளியீட்டு வரிசை அதைச் சட்டம் போடாமல், அடிக்காமல், வாராவாரம் கற்றுக்கொடுத்தது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு கிளம்பியபோது சினிமா என்பதே ஊர் சுற்றும் பொருள்தான். நிரந்தரக் கட்டடமும் ‘ரிலீஸ்’ என்ற சொல்லும் வந்த பிறகே முந்தி பிந்தி என்ற வரிசை உறைந்தது. ஊர் சுற்றுவது சினிமாவின் இயல்பாக இருந்தது போய், ஏழை ஊர்களுக்கான ஏற்பாடாகச் சுருங்கியது. 1955 இன் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி டூரிங் கொட்டகைக்குத் தற்காலிக உரிமம்தான். கீற்றுக்கூரை, மணல் தரை, ஒற்றை புரொஜெக்டர், ரீலுக்கு ரீல் இடைவேளை. எங்கள் ஊருக்குச் சினிமா என்றைக்கும் ‘நிரந்தரம்’ ஆனதில்லை.

இந்த இடத்தில் நம் எழுத்தாளர்களில் சிலர் கண் கலங்குவார்கள். மணலைக் குவித்து உட்கார்ந்தது, சீர்காழியின் பிள்ளையார் பாட்டுப் போட்டதும் ஓட்டமெடுத்தது, முறுக்கு, கடலை மிட்டாய், ‘காத்திருப்பில் ஒரு சுகம் இருந்தது’ என்றெல்லாம். எனக்கும் அந்த மணல் ஞாபகம் உண்டு. ஆனால் யாரும் சும்மா காத்திருக்கவில்லை. படம் வருவதற்கு முன் பாட்டுப் புத்தகம் வந்தது. இலங்கை வானொலியில் பாட்டு வந்தது. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் முழு ஒலிச்சித்திரமும் வந்தது. திண்டுக்கல்லுக்குப் பூட்டுப் பட்டறைக்கும் தோல் ஷாப்புக்கும் வேலைக்குப் போனவன் பார்த்துவிட்டு வந்து சண்டைக் காட்சிகளோடு கதை சொன்னான். அவனைச் சுற்றி ஒரு கூட்டம். பொறுமையின்மைதான் இதையெல்லாம் உண்டாக்கியது. காத்திருப்பைச் சுகம் என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வாரமே பார்த்துவிடும் வசதியை அடைந்த பிறகு எழுதுகிறவர்கள்.

*

திண்டுக்கல்லுக்கு வெளியீட்டுத் தேதியோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். அந்தக் கட்சி சந்தித்த முதல் பெரிய தேர்தல் 1973 மே 20 இல் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். அவர் 1970 இல் ஒசாகா உலகக் கண்காட்சியிலும் கிழக்காசிய நாடுகளிலும் படம்பிடித்துக்கொண்டு வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது அதே மே மாதம் 11 ஆம் தேதி. படம் வராது, வரவிட மாட்டார்கள் என்று பேச்சு இருந்தது. படம் வெளியானால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதாகச் சொல்லும் கதை இன்றும் எங்கள் பக்கம் உயிரோடிருக்கிறது. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் வென்றார். தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது.

இந்த வெற்றியை விளக்க வந்தவர்கள் திரைப் பிம்பத்தைப் பேசுவார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992 இல் எழுதிய ‘பிம்பச் சிறை’யின் வாதம் நமக்குத் தெரியும். அடித்தட்டு மக்களின் நியாயமான கோபங்களையே எடுத்து அவர்களைக் கட்டிப்போடும் பிம்பமாக்கிய அரசியல் அது. அந்த வாதத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். மே 11 க்கும் மே 20 க்கும் இடையே ஒன்பது நாள். அந்த நாளைய பெட்டிக் கணக்குப்படி ஒன்பது நாளில் படம் பெரிய ஊர்களைத் தாண்டியிருக்காது. தொகுதியின் கிராமத்து வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்க்காமலேயே ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அவர்களிடம் இருந்தது பிம்பமல்ல. ‘படம் வந்துருச்சு, தடுக்க முடியலை’ என்ற செய்திதான். பார்த்த படத்தைவிடப் பார்க்காத படம் அதிக வேலை செய்திருக்கிறது. காத்திருப்பு ஒரு வெற்று இடைவெளி அல்ல, அதில் ஆள் திரட்டலாம் என்பதை அரசியல்வாதி அன்றே கண்டுகொண்டார். ரசிகர் மன்றம் பெட்டியை மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுபோவது வெறும் பைத்தியக்காரத்தனமாக எனக்குத் தெரியாததற்கு இதுவும் காரணம். நம் தெருவுக்குத் தேர் வருமா வராதா என்று நூற்றாண்டுகளாகச் சண்டை போட்ட நாட்டில், பெட்டி நம் ஊருக்கு வருவதைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள்.

வால்ட்டர் பெஞ்சமின், இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தைப் பறித்துவிடும் என்றார். ஒரே படைப்பு ஒரே நேரத்தில் எங்கும் இருக்க முடியுமானால் அதற்கு என்ன புனிதம்? சரிதான். ஆனால் மறுஉற்பத்தியை யாரோ எண்ணி அளந்து விடும்போது போன ஒளிவட்டம் திரும்பி வந்து தேதியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ‘முதல் நாள் முதல் காட்சி’ அப்படிப் பிறந்த சடங்கு.

*

இந்த வரிசையை உடைத்தது யார்? டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று பதில் வரும். என் பதில் வேறு: திருட்டு விசிடி.

2000 த்தின் முதல் ஆண்டுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். படம் வெளியாகி மூன்றாம் நாள், நான்காம் நாள் முப்பது ரூபாய்க்கு வட்டு கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் தார்ப்பாய் விரித்து விற்றார்கள். கன்னிவாடியில் வாடகை டிவியும் டெக்கும் வைத்து ஒரு வீட்டுத் திண்ணையில் முப்பது பேர் பார்த்தார்கள். முன்வரிசைத் தலைகள் எழுந்து போவதும் தெரியும் மோசமான பிரதிதான். மழை பெய்த பிரதியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. முதன்முறையாக மதுரையும் கன்னிவாடியும் ஒரே வாரத்தில் இருந்தன.

அரசு என்ன செய்தது? 2004 இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி ‘வீடியோ திருடர்களையும்’ அதற்குள் சேர்த்தது. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, நில அபகரிப்பாளர் வரிசையில் தார்ப்பாய் விரித்து வட்டு விற்றவன். விசாரணையில்லாமல் ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம். மனித உரிமை பேசிய நம்மவர்கள் இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை, சினிமா சமாச்சாரம்தானே என்று விட்டுவிட்டோம். அன்று பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வட்டு பிரதியெடுத்த முதலாளிகள் அல்ல, விற்ற பையன்கள். தயாரிப்பாளனுக்கு நஷ்டம் இல்லையா என்றால், உண்டு. படம் எடுத்து வீடு வாசல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பொறுமையின்மைக்குத் தடுப்புக் காவல் விதித்த ஒரு சமூகம், அதே பொறுமையின்மையை இருபது ஆண்டுகள் கழித்து ‘எஃப்டிஎஃப்எஸ்’ என்று ஆயிரம் ரூபாய் டிக்கெட்டாக விற்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

வரிசையைச் சுருக்கினால் திருட்டைச் சுருக்கலாம் என்று வணிகம் கண்டுகொண்டது. பிலிம் போய் கியூப் வந்தது. பெட்டி இல்லை, லேப் இல்லை, நூறு திரைக்கும் ஆயிரம் திரைக்கும் பிரதிச் செலவில் பழைய வித்தியாசம் இல்லை. ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று உலகம் முழுக்க ஒரே நாளில் விழுந்தது. ஹாலிவுட்டும் இதே கணக்கைப் போட்டது. 1997 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ‘டைட்டானிக்’ இந்தியாவுக்கு வர மறு ஆண்டு மார்ச் ஆயிற்று. 2016 இல் ‘ஜங்கிள் புக்’ அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே இங்கே வந்தது. 2021 இல் ஒரு ‘ஸ்பைடர்மேன்’ ஒரு நாள் முந்தி வந்தது. இதை யாரும் மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வசூலுக்கும் திருட்டுப் பயத்துக்கும் பிறந்த சமகாலம் இது.

அப்படியானால் கன்னிவாடிக்குச் சமகாலம் கிடைத்ததா? கிடைத்தது, ஊரில் கொட்டகை இல்லாமல் போனதன் மூலம். கருவிக்கு முதலீடு, ஒவ்வொரு படத்துக்கும் டிஜிட்டல் கட்டணம் என்று வந்தபோது டூரிங் கொட்டகைகளுக்கும் சின்னத் திரையரங்குகளுக்கும் அதில் இடமில்லை. 2018 மார்ச்சில் அந்தக் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் ஒன்றரை மாதம் புதுப்படம் வெளியிடாமல் நிறுத்தினார்கள். அது அவர்களுக்கும் டிஜிட்டல் கம்பெனிகளுக்கும் இடையிலான சண்டை. அந்தப் பேச்சுவார்த்தையில் சி சென்டர் என்ற எழுத்தே இல்லை. எல்லோருக்கும் ஒரே நாள் என்று ஆனபோது, முன்பு கடைசி நாளிலாவது இடம்பெற்றிருந்த ஊர்கள் பட்டியலைவிட்டே போய்விட்டன. வருஷம் கழித்து வந்தாலும் படம் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது நாம்தான் படத்துக்குப் போகிறோம்.

பழைய வரிசையும் வேறு உருவத்தில் திரும்பிவிட்டது. 2021 ஜனவரி 13 இல் திரையரங்குக்கு வந்த ‘மாஸ்டர்’ பதினாறாம் நாள் ஓடிடிக்கு வந்தது. திரையரங்குக்காரர்கள் கொதித்தார்கள். இத்தனை வாரம் இடைவெளி வேண்டும் என்று அப்போது தொடங்கிய வாதம் இன்றும் ஓயவில்லை. முதல் நாள் பெரிய காசு கொடுப்பவன், இரண்டாம் வாரம் சாதாரண டிக்கெட் எடுப்பவன், நாலு வாரம் கழித்துச் சந்தா கட்டியவன், தீபாவளிக்கு டிவியில் பார்ப்பவன். ஊர் வாரியாக இருந்த ஏ, பி, சி இப்போது ஆள் வாரியாக ஆகியிருக்கிறது. ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டுக்குள்.

*

இனி அந்த மூன்று மணி நேரத்துக்கு வருவோம். 2023 ஜனவரி 11 அன்று ‘துணிவு’ நள்ளிரவு ஒரு மணிக்கும் ‘வாரிசு’ அதிகாலை நாலு மணிக்கும் தொடங்கின. சென்னைக் கோயம்பேட்டில் ஒரு திரையரங்கின் அருகே, நகர்ந்துகொண்டிருந்த லாரிமேல் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். அதன் பிறகு அரசு அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி மறுத்தது. அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது தயாரிப்பாளர் உயர் நீதிமன்றம் வரை போயும் நாலு மணிக் காட்சி கிடைக்கவில்லை, ஒன்பது மணிதான். கேரளாவில் அதே படம் அதிகாலை நாலு மணிக்கு ஓடியது. தமிழ்நாட்டு ரசிகர்கள் எல்லை தாண்டிப் போனார்கள். இது முதல் தடவையல்ல. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாடு முழுவதும் 144 போட்டு நிறுத்தப்பட்டபோதும் பாலக்காட்டுக்கு வேன் பிடித்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஓர் இரவுப் பயணம்.

‘விஸ்வரூபம்’ விவகாரத்தில் நாம் நின்ற இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தடையை எதிர்த்தோம், சரி. ஆனால் ‘நான் காசு கொடுத்துப் பார்க்கப்போகும் படத்தைத் தடுக்க நீ யார்’ என்ற பார்வையாளனின் குரலோடு கருத்துச் சுதந்திரத்தின் குரலையும் சேர்த்து ஒரே குரலாக்கிவிட்டோம். திரையில் திரும்பத் திரும்பத் தீவிரவாதியாக வருகிறோமே என்று முஸ்லிம்கள் கேட்டது அந்த இரைச்சலில் காதில் விழவேயில்லை. பேகம்பூர்த் தோழர் ஒருவர் அப்போது சொன்னார்: “ஒங்களுக்குப் படம் பதிமூணு நாள் லேட்டு. எங்களுக்கு நல்ல வேசம் எத்தனை வருசம் லேட்டு, அதைக் கேளுங்க.” ஜனவரி 25 க்கும் பிப்ரவரி 7 க்கும் இடைப்பட்ட அந்தப் பதிமூன்று நாளைப் பற்றி எழுதப்பட்ட எதிலும் இந்தக் கேள்வி உரிய அளவுக்கு இல்லை.

அதிகாலை நாலு மணிக் காட்சியைத் தமிழனின் உரிமை என்று பேசுகிறவர்கள் அந்த மணியில் அரங்குக்குள் இருப்பவர்களை எண்ணிப் பார்க்கட்டும். ஆண்கள், அதிலும் இளைஞர்கள். பாலாபிஷேகம், பட்டாசு, தோள்மேல் தோள். ஒரு பெண் அந்த நேரம் கன்னிவாடியிலிருந்து எப்படி வருவாள்? அவளுக்கு ஒன்பது மணிக் காட்சியே அதிகாலைதான். சமைத்து வைத்துவிட்டு வர வேண்டாமா? 2024 டிசம்பரில் ஹைதராபாதில் ‘புஷ்பா 2’ முன்காட்சிக்கு மகனோடு வந்த ஒரு பெண் நெரிசலில் செத்துப்போனார். முதலில் பார்ப்பவர்களின் கூட்டத்துக்குள் ஒரு குடும்பம் வந்ததற்கு அந்த விலை. அரங்கைப் பெருக்குகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், வண்டி நிறுத்தத்தில் டோக்கன் போடுகிறவர் எத்தனை மணிக்கு எழுந்து வந்தார்கள் என்பதும் எவருடைய உரிமைப் பட்டியலிலும் இல்லை.

அம்பேத்கர் சாதியைப் பற்றிப் பேசும்போது வெறும் சமத்துவமின்மை வேறு, படிநிலைச் சமத்துவமின்மை வேறு என்பார். ஏறுவரிசையில் மரியாதை, இறங்குவரிசையில் இகழ்ச்சி. ஒவ்வொருவருக்கும் மேலே இருப்பவன்மேல் மனத்தாங்கல் உண்டு, ஆனால் கீழே ஒருவன் இருப்பதால் அமைப்பை உடைக்க மனம் வராது. பஸ் நிறுத்தத்து இளைஞர்களின் கோபத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது கொழுப்பு அல்ல. காலத்தில் தன்னை ஒரு படி கீழே வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வு அதில் நிஜமாகவே இருக்கிறது. அவர்களுடைய தாத்தா பெட்டிக்காகக் காத்திருந்த வருடங்களின் மிச்சம் அது. ஆனால் அந்தக் கோபம் மேலே மட்டும்தான் பார்க்கிறது. அமெரிக்காக்காரன் முந்திவிட்டான், கேரளாக்காரன் முந்திவிட்டான். தனக்குப் பின்னே யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ‘எல்லோரும் ஒன்றாகப் பார்ப்போம்’ என்று தொடங்கிய கோரிக்கை ‘நான் முதலில் பார்ப்பேன்’ என்று எங்கேயோ வழியில் மாறிவிட்டது. இரண்டும் வாயிலிருந்து வரும்போது ஒரே வாக்கியம் போலக் கேட்கிறது, அதுதான் சிக்கல்.

அவர்கள் பொறாமைப்படும் அந்த ‘அமெரிக்காக்காரன்’ யார் என்பதும் விசாரிக்க வேண்டியது. முந்தின நாள் முன்காட்சிக்குப் போகிறவர்களில் பலர் நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டுப் போனவர்கள். லண்டனிலும் டொரொன்டோவிலும் கொட்டகை நிரப்புகிறவர்களில் பாதிக்கு மேல் ஈழத்தமிழர்களாக இருப்பார்கள். 1983 க்குப் பிறகு ஊரைவிட்டு ஓடிப் பனிக்குள் போய் விழுந்து, தமிழ்க் கடைகளில் பலசரக்கோடு வாடகை வீடியோ காசெட் வாங்கி, பிரதியின் பிரதியைப் பார்த்தவர்கள். அப்போது அவர்கள் எங்களைவிடப் பின்னே இருந்தார்கள். டாலரும் பவுண்டும் அவர்களை வரிசையின் தலைக்குக் கொண்டுவந்துவிட்டது. விநியோகஸ்தரின் மூட்டையில் மீதமாகக் கிடந்த எப்.எம்.எஸ். இப்போது முதல் காட்சி. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரிசையில் முன்னால் போகக் காசு வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

சிவத்தம்பி 1981 இல் தமிழ்த் திரைப்படத்தின் அரசியல் பற்றி எழுதிய சிறுநூலில் ஒரு முக்கியமான அவதானம் உண்டு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்கலைக் கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதியல்ல, வாங்கும் சக்தி என்பார். நாமெல்லாம் இதைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டியிருக்கிறோம். 2023 மார்ச் 30 அன்று, ஜனவரியில் அந்த இளைஞர் லாரியிலிருந்து விழுந்து இறந்தாரே, அவர் ஆடிக்கொண்டிருந்த அதே கோயம்பேட்டுத் திரையரங்கில் ‘பத்து தல’ சிறப்புக் காட்சி. நரிக்குறவர் குடும்பம் ஒன்று குழந்தைகளோடு வந்தது. கையில் டிக்கெட். வாங்கும் சக்தி இருந்தது. வாசலில் நிறுத்திவிட்டார்கள். படம் பெரியவர் துணையோடு பார்க்க வேண்டிய சான்றிதழ் பெற்றது, குழந்தைகள் இருந்தார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் படம்பிடித்து ஊரெல்லாம் கண்டனம் எழுந்த பிறகே உள்ளே விட்டார்கள். பணியாளர்கள்மேல் வழக்கும் பதிவாயிற்று. அதற்கு மூன்று மாதம் முன்னால், 2022 டிசம்பரில்தான், அந்தச் சமூகத்தைப் பட்டியல் பழங்குடியில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. பல பத்தாண்டுகள் கேட்டுக் கிடைத்தது அது.

அந்தக் குடும்பத்துக்கு வெளியீட்டுத் தேதி தாமதமாகவில்லை. அதே நாள், அதே ஊர், அதே காட்சி. பெட்டி வந்துவிட்டது, வாசல் வரவில்லை. அன்று முதல் காட்சியில் உள்ளே உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் வெளியே நடந்ததை அறிந்திருப்பார்கள்? அறிந்திருந்தால் எத்தனை பேர் எழுந்து வந்திருப்பார்கள்? மூன்று மணி நேரத் தாமதத்துக்கு ஆத்திரப்படத் தெரிந்த ஒரு கூட்டம் அதற்காகவும் ஆத்திரப்பட்டிருக்க முடியும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். நண்பர் இதை நம்பமாட்டார்.

அந்த ஆகஸ்ட் காலையில் பஸ் வந்தது. இளைஞர்கள் ஏறிப் போனார்கள். நிறுத்தத்தில் வெங்காயம் உரிக்கும் வேலைக்குப் போக இன்னொரு வண்டிக்குக் காத்திருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் பார்த்த படங்களின் பெயரெல்லாம் வரிசையாகச் சொன்னார். கொட்டகை போனபிறகு எங்கே பார்த்தீர்கள் என்றேன்.

“எங்கிட்டுப் பாக்குறது? தீவாளிக்கு டிவில போட்டா பாக்குறதுதான். திண்டுக்கல்லுக்கு பஸ்சு எங்களுக்கு ஓசிதேன், கொட்டகை ஓசியில்லையே. அப்படியே போனாலும் படம் விட்டு வாரதுக்குள்ள கடைசி வண்டி போயிருமுல்ல.”

இந்தப் பையன்கள் போகிறார்களே, இந்தப் படம் உங்களுக்கு எப்போது வரும் என்று கேட்டேன்.

“என்ன படம்யா?” என்றார்.